ஆறாவது வயர்

பக்கத்து வீட்டுச் சாவி பத்து வருடமாக என்னிடம்தான் இருக்கிறது. மழை வந்தால் கொடியில் கிடக்கும் துணியை எடுத்துப் போடவும், கேஸ்காரர் வந்தால் கதவைத் திறந்துவிடவும் கொடுத்து வைத்தது. அலாரம் வந்த பிறகுதான் அது உத்தியோகம் ஆனது. ஒரு தாளில் என் பெயர், போன் நம்பர் எல்லாம் எழுதி, உறவு என்ற இடத்தில் 'பக்கத்து வீடு' என்று போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அன்றிலிருந்து தெருவில் எனக்குச் சாவியக்கா என்று பெயர். ஆஸ்பத்திரிச் சமையலறையில் இருபது வருடம் குண்டான் கழுவி வராத மரியாதை ஒரு சாவியால் வந்தது.

எங்கள் வீடுகள் ஒட்டிக் கட்டியவை. முன்னால் தெரு, பின்னால் குப்பை வண்டி வரும் சந்து. சமையலறைக் கதவு எல்லா வீட்டிலும் சந்தைப் பார்த்துத்தான் திறக்கும். நடுச்சுவர் எவ்வளவு மெலிசு என்றால், அந்த வீட்டில் யார் தும்மினாலும் நான் இங்கே மூக்கைத் துடைத்துக்கொள்வேன்.

அங்கே மூன்று பேர். தம்பி லிஃப்ட் மெக்கானிக். சொந்தத் தம்பி இல்லை, நான் கூப்பிடுவது அப்படி. அவன் மனைவி வீட்டிலேயே தைக்கிறாள். முன்னறை முழுக்க அவள் கடைதான். புதுசு தைப்பதைவிடப் பழசைப் பிரிப்பதுதான் அவளுக்கு அதிகம்: கோட்டுக்கு உள்துணி மாற்றுவது, இடுப்பு பிடிப்பது, ஜிப் போடுவது. மூன்றாவது ஆள் தம்பியின் அப்பா. பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெரு முழுக்க அவருக்கு இன்னும் கண்டக்டர் என்றுதான் பெயர். வாழ்நாளில் அவர் யாரிடமும் 'சரி' என்று சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் 'ரைட்'தான்.

முதல் பஸ்ஸுக்குப் போன உடம்பு அவருடையது. ஓய்வு பெற்றுப் பதினாறு வருடம் ஆகியும் விடிகிற நேரத்தில் எழுந்துவிடுவார். சமையலறைக் கதவைத் திறந்து படியில் உட்கார்ந்து, ஒரு டம்ளர் சுடுதண்ணீரை ஊதி ஊதிக் குடிப்பார். சந்தில் பார்க்க ஒன்றும் இல்லை. பூனை, குப்பைத்தொட்டி, ஈரச் சுவர். அதைப் பார்த்தால்தான் அவருக்கு நாள் ஆரம்பிக்கும். நானும் அந்த நேரத்துக்கு என் படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பேன். "எழுந்தாச்சா?" என்பார். எழுந்தது கண்ணுக்குத் தெரிகிறதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "ஆச்சு" என்பேன்.

போன வருடக் கடைசியில் தெருமுனை வீட்டில் திருட்டுப் போனது. அடுத்த மாதம் தையல்காரிக்கு இன்ஷூரன்ஸ் ஆபீசிலிருந்து கடிதம். வீட்டில் தொழில் நடக்கிறது, வாடிக்கைக்காரர்கள் துணி இருக்கிறது. அலாரம் வைத்தால் பிரீமியத்தில் குறைப்போம், வைக்காவிட்டால் வாடிக்கைக்காரர் துணிக்கும் மிஷினுக்கும் பொறுப்பில்லை என்று எழுதியிருந்தார்கள். அதைப் புரியவைக்க ஏஜென்ட் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். வெட்டும் மேஜையிலிருந்த துணியை ஒதுக்கிவிட்டு அதில்தான் டீ வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன்.

"மூணு தினுசு இருக்கு," என்றார் ஏஜென்ட், பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே. "ஒண்ணு, வெறும் சைரன் பெட்டி. திருடன் வந்தா கத்தும். யாராவது எழுந்து வந்தா உண்டு. ரெண்டாவது கேமரா. திருடன் போறத நீங்க போன்ல பாக்கலாம். மூணாவது, கன்ட்ரோல் ரூமோட சேர்ந்தது. இங்க அடிச்சா அங்கயும் தெரியும். உங்களுக்கும் சாவி வெச்சிருக்கறவங்களுக்கும் போன் பண்ணுவாங்க."

"இதுல எதுக்கு சார் பிரீமியம் குறையும்?" என்று கேட்டாள் தையல்காரி.

"மூணாவதுக்கு மட்டும்தான். அதுவும் கம்பெனி ஆள் வந்து மாட்டி, சர்ட்டிபிகேட் கொடுத்தாதான்."

தம்பிக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் லிஃப்டுக்கே வயரிங் பண்றவன் சார். இருபது மாடி ஏறி இறங்குது. இந்தப் பெட்டிய நான் மாட்டக் கூடாதா?"

"தாராளமா மாட்டலாம். அழகாவே மாட்டுவீங்க. ஆனா நீங்க மாட்டினா அது சுவத்துல இருக்கற பெட்டி. அவங்க மாட்டினாத்தான் எங்களுக்கு அது அலாரம்."

"அப்ப என் வேலைக்கு மதிப்பில்லையா?"

"ஐயோ, உங்க வேலைக்கு இல்ல சார். காகிதத்துக்கு மதிப்பு."

"நீ சும்மா இரு," என்றாள் தையல்காரி கணவனிடம். பிறகு ஏஜென்ட் பக்கம் திரும்பினாள். "என் துணி போனா ஒரு நாள் அழுதுட்டு விட்டுடுவேன் சார். இங்க தொங்கறதெல்லாம் அடுத்தவங்களுது. ஊருக்குப் போனாக்கூட மனசு இங்கயேதான் இருக்கு. எது வெச்சா நான் நிம்மதியாத் தூங்கலாமோ அத வைங்க."

கண்டக்டர் மூலையிலிருந்து கேட்டார். "கதவுக்கெல்லாம் மணி கட்டிட்டா, காலையில நான் எப்படி வெளிய போறது?"

"நாலு நம்பர் போட்டா நின்னுடும் மாமா. நம்பர் நான் சொல்லித் தரேன்."

"நம்பர்தானே?" கண்டக்டர் சிரித்தார். "முப்பத்தஞ்சு வருஷம் டிக்கெட் நம்பர் எழுதினவன். ரைட்."

ஏஜென்ட் கிளம்பும்போது நிபந்தனைகளைப் படித்துக் காட்டினார். ராத்திரியும் ஆள் இல்லாத நேரமும் அலாரம் முழுசாகப் போட்டிருக்க வேண்டும். முழுசாக என்றால் எல்லாக் கதவும் சேர்த்து. "இந்த 'முழுசா'ங்கறத மட்டும் மறந்துடாதீங்க," என்றார். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். எனக்கு அவர் தின்ற பிஸ்கட்டின் எண்ணிக்கையில்தான் கவனம் இருந்தது.

அலாரம் மாட்ட வந்தது ஒரு பெண். முப்பது வயதிருக்கும். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு, நனைந்த செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். தம்பி அன்று லீவு போட்டுவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவள் பின்னாலேயே நின்றான். குறை சொல்லத்தான் நின்றான் என்று எனக்குத் தெரியும். மத்தியானத்துக்குள் குறை சொல்ல ஒன்றும் இல்லாமல் அவளுக்கு ஏணி பிடித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வயரிலும் வெள்ளை டேப் சுற்றி, 'முன்கதவு', 'பின்கதவு', 'ஜன்னல்' என்று முத்து முத்தாக எழுதியிருந்தாள்.

"வேலை சுத்தம்," என்றான் என்னிடம். அவன் வாயிலிருந்து அது வருவது பெரிய விஷயம்.

கதவுக்கு மேலே சின்னதாக ஒரு காந்த சுவிட்சு. கதவு மூடியிருந்தால் மின்சாரம் ஓடும், திறந்தால் நிற்கும், நின்றால் மணி அடிக்கும். அவ்வளவுதான் சூட்சுமம். "எங்க லிஃப்டுலயும் இதேதாம்மா," என்றான் தம்பி அவளிடம். "ரிப்பேர் பாக்கறப்போ கதவு சுவிட்ச தாண்டி ஒரு வயர் போட்டுடுவோம். கதவு திறந்திருந்தாலும் மூடியிருக்குன்னு லிஃப்ட் நம்பும். வேலை முடிஞ்சதும் மறக்காம எடுத்துடணும். மறந்தா ஆள் செத்துடுவான்." பையைத் திறந்து காட்டினான். சிவப்பில் ஐந்து வயர், ஒவ்வொன்றும் முழங்கை நீளம், நுனியில் ஒன்று முதல் ஐந்து வரை நம்பர் சீட்டு. "கிளம்பறதுக்கு முன்னாடி எண்ணுவேன். அஞ்சு இருந்தாத்தான் கட்டடத்த விட்டு வெளிய கால வைப்பேன். இருபத்திரெண்டு வருஷமா."

"நானும் ஒரு செட்டு அப்படி செஞ்சுக்கறேன் அண்ணே," என்றாள் அந்தப் பெண்.

முதல் வாரமே அடித்தது. விடிகிற நேரம், தூறல். நான் அடுப்பைப் பற்றவைக்கக் குனிந்தேன். சுவரே கத்துவது போல ஒரு சத்தம். பின்பக்கம் ஓடிப் பார்த்தால் கண்டக்டர் படியில் நிற்கிறார், இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு. கையில் டம்ளர் வேறு. "நான்தான், நான்தான்!" என்று அந்தப் பெட்டியைப் பார்த்துச் சொல்கிறார். சந்து முழுக்க ஜன்னல் திறந்தது. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. சுடுதண்ணீர் கைவழியாக ஓடி முழங்கையில் சொட்டியதைப் பார்த்த பிறகு வரவில்லை.

நம்பர் அவருக்கு மறக்கவில்லை. என்னிடம் தலைகீழாகச் சொன்னார். ஆனால் முப்பது விநாடிக்குள் போட வேண்டும், பொத்தான் கடுகளவு, விரல் நடுங்குகிறது. ஒன்றை அழுத்தினால் இரண்டு விழுகிறது. மறுவாரம் மறுபடி அடித்தது. அதற்கடுத்த வாரம் மூன்றாம் தடவை. மூன்று தடவையும் கன்ட்ரோல் ரூமிலிருந்து எனக்குப் போன் வந்தது. "பக்கத்து வீட்டில் ஆள் நுழைந்திருக்கிறார்களா, பார்க்க முடியுமா?" "ஆமாம், நுழைஞ்சிருக்காரு. அவரு அங்கயேதான் இருக்காரு, பென்ஷன் வாங்கறாரு," என்றேன். அந்தப் பக்கம் சிரிக்கவில்லை.

கடிதம் வந்தது. இன்னொரு முறை வீணாக அடித்தால் இணைப்பை நிறுத்திவிடுவோம், இன்ஷூரன்ஸுக்கும் தெரிவிப்போம் என்று. அதைத் தையல்காரி சத்தமாகப் படித்திருக்கக் கூடாது. அன்றிலிருந்து கண்டக்டர் வெளியே வரவில்லை. மருமகள் எழுந்து அலாரத்தை நிறுத்தும்வரை கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். அவளோ ராத்திரி வெகுநேரம் தைத்துவிட்டுப் படுப்பவள், ஏழுக்கு முன்னால் எழ முடியாது. "என்னை எழுப்புங்க மாமா," என்று சொல்லிப் பார்த்தாள். "நீ தூங்கும்மா, ரைட்," என்றாராம். எழுப்பவே இல்லை. சாயங்காலத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். குடித்தால் எழ வேண்டிவரும், எழுந்தால் எதையாவது தட்டிவிடுவோம் என்று பயம். இரண்டு வாரத்தில் மனுஷன் பாதியாகிவிட்டார். என் படிக்குப் பக்கத்தில் அவர் படி காலியாகக் கிடந்தது. பாத்திரம் தேய்க்கவே எனக்கு வெறுப்பாக இருந்தது.

பிறகு ஒரு நாள் விடியலில் கதவுச் சத்தம் கேட்டது. காதைப் பொத்திக்கொண்டேன். ஒன்றும் அடிக்கவில்லை. எட்டிப் பார்த்தால் கண்டக்டர், டம்ளரோடு.

"எழுந்தாச்சா?" என்றார்.

"மணி?"

"பையன் சரி பண்ணிட்டான். நான் கதவு திறந்தா அதுக்கு ஆள் தெரியும்கறான். இருந்தாலும் சொல்லிட்டுதான் வந்தேன், நான்தான்னு."

அலாரம் பெண் வந்து ஏதோ மாற்றிக் கொடுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. எனக்குத் தேவை பக்கத்துப் படியில் ஓர் ஆள்.

திருட்டு நடந்தது அதற்கு ஒரு மாதம் கழித்து, புதன்கிழமை, காலை பதினோரு மணிக்கு. தம்பி வேலைக்குப் போயிருந்தான். தையல்காரி மாமனாரைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தாள். எனக்கு மத்தியான ஷிஃப்ட், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். சந்தில் ஒரு வேன் நின்றது. நீலச் சட்டை போட்ட இரண்டு பேர் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து ஏற்றினார்கள். பிறகு ஓரம் அடிக்கும் மிஷின். பிறகு கை நிறைய கோட்டு. ஒருத்தன் என்னைப் பார்த்துத் தலையை வேறு அசைத்தான். நானும் அசைத்தேன்.

இதை யாரிடம் சொன்னாலும் என்னைப் பைத்தியம் என்பார்கள். சொல்கிறேன். மற்ற நாளாக இருந்தால் கத்தியோடு இறங்கி "யாருப்பா நீங்க?" என்று கேட்டிருப்பேன். யார் வீட்டு விஷயத்திலும் மூக்கை நுழைப்பதில் எனக்குக் கூச்சம் கிடையாது. அன்று கேட்கவில்லை. அலாரம் அடிக்கவில்லையே, அப்படியானால் ரிப்பேருக்கு எடுத்துப் போகிறார்கள் என்று நினைத்தேன். என் கண்ணைவிட அந்தப் பெட்டியை நம்பினேன்.

டாக்டரிடம் போனவர்கள் திரும்பி வந்தபோது நான் இன்னும் வேலைக்குக் கிளம்பவில்லை. தையல்காரி முன்னறை நடுவில் நின்றாள். அலறவில்லை. மிஷின் இருந்த இடத்தில் தரையில் நான்கு வட்டத் தடம் இருந்தது. அதைக் காலால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. "மொத்தம் பதினேழு கோட்டு, அக்கா," என்றாள். அதில் ஒன்று ஓர் அம்மாவுடையது. செத்துப்போன புருஷன் கோட்டை மகனுக்கு அளவு குறைக்கக் கொடுத்திருந்தாள்.

போலீஸ் வந்து போனது. பின்கதவுப் பூட்டை நெம்பியிருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டார்கள். கண்டக்டர் மட்டும் நம்பவில்லை. "நான்தான் தாழ்ப்பா போடாம வந்துட்டேனோ," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மரம் பிளந்திருப்பதைக் காட்டினோம். கண்ணில் மருந்து விட்டிருந்தார்கள், அவருக்குத் தெரியவில்லை. விரலால் தடவிப் பார்த்தும் மனசு ஆறவில்லை.

தம்பி வேலை உடையோடு ஓடிவந்தான். வந்தவன் முன்னறைக்குப் போகவில்லை. யாரையும் பார்க்காமல் நேராகப் பின்கதவுக்குப் போனான். மேலே பார்த்தான். அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டான். நானும் மேலே பார்த்தேன். காந்த சுவிட்சின் இரண்டு திருகுக்கும் நடுவில், சுண்டுவிரல் நீளத்தில், சிவப்பாக ஒரு வயர்.

தையல்காரி மாமனாரை அறையில் படுக்கவைத்துவிட்டு வந்து கதவைச் சாத்தினாள். "இது என்ன?" என்றாள்.

"நான் போட்டது."

"எப்போ?"

"அப்பா தண்ணி குடிக்கறத நிறுத்தினப்போ." அவன் தரையைப் பார்த்துப் பேசினான். "அந்தப் பொண்ணு வந்து இந்த ஒரு கதவ ராத்திரிக்கு மட்டும் விலக்கித் தரேன்னு சொன்னா. இன்ஷூரன்ஸ்ல ஒரு கையெழுத்து வாங்கினாப் போதும்னா. வியாழக்கெழம வரேன்னா. எனக்கு அன்னிக்கு லிஃப்டு நின்னுபோச்சு, அடுத்த வாரம்னேன். அடுத்த வாரம் மழை. அதுவரைக்கும்னு போட்டேன்."

"பகல்ல எடுத்திருக்கலாமே?"

"எடுத்திருக்கணும்."

"தினம் எண்ணுவியே. அஞ்சு, அஞ்சுன்னு உயிர வாங்குவியே!"

"எண்ணினேன்," என்றான். "அஞ்சும் இருந்துச்சு. இது பை அடியில கெடந்த துண்டு. நம்பர் இல்லாதது."

தையல்காரி தினமும் கிளம்பும்போது அலாரத்தை ஒழுங்காகப் போட்டுவிட்டுத்தான் போவாள். எல்லாக் கதவும் மூடியிருப்பதாகப் பெட்டியில் பச்சை விளக்கு எரியும். அன்றைக்கும் எரிந்தது.

புத்தி முதலில் போனது எனக்குத்தான். "எடுத்துடு தம்பி," என்றேன். "இன்ஷூரன்ஸ்காரன் நாளைக்குத்தானே வரான். ரெண்டு செகண்ட் வேலை. அலாரம் போட்டிருந்துச்சு, அடிக்கல, அவ்வளவுதான். உங்க மேல என்ன தப்பு?"

"அடிக்கலைன்னா சுவிட்சு பழுதுன்னு எழுதுவான் அக்கா."

"எழுதட்டும்."

"சுவிட்ச மாட்டினது யாரு? சர்ட்டிபிகேட்ல கையெழுத்து யாருது?"

வெள்ளை டேப்பில் 'பின்கதவு' என்ற அந்தப் பெண்ணின் எழுத்து அங்கேயே, வயருக்குப் பக்கத்திலேயே இருந்தது.

தையல்காரிக்குக் கோபம் வந்தது. "அப்போ நான் என்ன பண்றது? எனக்கு மிஷின் வேணும். பதினேழு பேருக்கு நான் என்ன பதில் சொல்றது? நீ பாட்டுக்கு நல்லவனா இருந்துட்டுப் போயிடுவ. வாசல்ல வந்து நிக்கறவங்களுக்கு முன்னாடி நான்தான் நிக்கணும்."

"எடுத்துடவா?" என்று கேட்டான். உண்மையாகவே கேட்டான். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறியும் விட்டான். கை சுவிட்சு வரை போய்விட்டது.

அவள் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் நடந்தது அவளுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஒரு கட்டடத்தில் சாமான் ஏற்றுவதற்காக மேனேஜர் லிஃப்ட் கதவில் கட்டையைச் செருகி வைத்தார். ஒரு பெண்ணின் கால் மாட்டிக்கொண்டது. விசாரணைக்கு ஆள் வருவதற்குள் கட்டையைக் காணோம். மெக்கானிக் சரியாகப் பார்க்கவில்லை என்று தம்பியை எட்டு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அந்த எட்டு மாதமும் நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் ஓடாத நேரமே கிடையாது.

"இறங்கு," என்றாள்.

"என்ன?"

"இறங்குன்னேன். இருக்கட்டும் அது." மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "அப்ப எட்டு மாசம் நான் தச்சேன். அந்த அலாரம் பொண்ணு வீட்ல யாரு தைப்பா?"

அவன் நாற்காலியிலிருந்து இறங்கி, அதை இழுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தான்.

மறுநாள் சேதம் பார்க்கும் சர்வேயர் வந்தார். ஒல்லியான மனிதர், சளி பிடித்திருந்தது. அந்த வாரத்தில் அது அவருக்கு எத்தனையாவது வீடோ, உட்காரும்போதே களைத்துப்போய் உட்கார்ந்தார். அலாரம் பெண்ணையும் வரச்சொல்லியிருந்தார்கள். அவள் உள்ளே வந்ததும் கதவுக்கு மேலே பார்த்தாள், பிறகு தம்பியைப் பார்த்தாள். முகம் செத்துப்போயிற்று.

"இது நான் போட்டது சார்," என்றான் தம்பி, அவர் கேட்பதற்கு முன்னால். "இவங்க வேலையில ஒரு குறையும் இல்ல. அத முதல்ல எழுதிக்கோங்க."

சர்வேயர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுதினார். "காரணம்?"

கண்டக்டர் அறை வாசலில் வந்து நின்றிருந்தார். தம்பி அவரைப் பார்த்துவிட்டான். "சோம்பேறித்தனம் சார்," என்றான். "தினம் நம்பர் போட அலுப்பா இருந்துச்சு."

"லிஃப்ட் மெக்கானிக்னு போட்டிருக்கு. உங்களுக்கா சார் அலுப்பு?"

"ஆமா சார்."

"பொய் சொல்றான்," என்றார் கண்டக்டர்.

எல்லோரும் திரும்பினோம். சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தார். மேஜை முன்னால் நின்று, மருந்து விட்ட கண்ணால் சர்வேயர் இருந்த திசையைப் பார்த்தார். "நேத்து உள்ளாறப் படுத்துட்டு எல்லாத்தையும் கேட்டுட்டுதான் இருந்தேன். எனக்காகப் போட்டது சார் அது. காலையில நான் கதவு திறக்கணும்னு போட்டான். நான் ஒரு பத்து நாள் அப்படியே உக்காந்திருந்தா ஆகியிருக்கும். என்னால முடியல. அத எழுதிக்கோங்க."

சர்வேயர் பேனாவைப் பிடித்தபடி தாளைப் பார்த்தார். "பெரியவரே," என்றார் மெதுவாக, "அத எழுத இதுல எடம் இல்லீங்க."

"ரைட்," என்றார் கண்டக்டர். அந்த வார்த்தை அன்று அவர் வாயில் வேறு யாருடையதோ போல இருந்தது.

வேனைப் பற்றி என்னிடமும் கேட்டார்கள். ஒளிக்காமல் சொன்னேன். "சத்தம் போட்டிருக்கலாமே?" என்றார் சர்வேயர். போட்டிருக்கலாம்தான்.

போகும்போது அலாரம் பெண் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே தம்பியிடம் சொன்னாள். "ஒரு போன் பண்ணியிருக்கலாமே அண்ணே. பத்து நிமிஷ வேலை." திட்டினாள் என்று சொல்ல முடியாது. திட்டியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. நிபந்தனை மீறப்பட்டதால் இழப்பீடு கிடையாது, பாலிசியும் ரத்து. அடுத்த மாதம் கன்ட்ரோல் ரூமும் இணைப்பை எடுத்துவிட்டது. பெட்டியைக் கழற்றினால் சுவரில் ஓட்டை விழும், பூச வேண்டும், யாருக்கும் தெம்பில்லை. அது அங்கேயே இருக்கிறது, விளக்கு இல்லாமல்.

தையல்காரி பதினேழு வீட்டுக்கும் நேரில் போனாள். போனில் சொல்லலாமே என்றேன், மாட்டேன் என்றாள். பாதி வீட்டுக்கு நானும் கூடப் போனேன். சிலர் கத்தினார்கள், சிலர் பரவாயில்லை என்று சொல்லிவிட்டுக் கதவைப் பட்டென்று சாத்தினார்கள். அந்தக் கோட்டு அம்மா கத்தவில்லை. "பிரிக்கறதுக்கு முன்னாடி பாக்கெட்ல எதாவது இருந்துச்சாம்மா?" என்று மட்டும் கேட்டாள். "ஒரு சீப்பு இருந்துச்சு. எடுத்து வெச்சிருக்கேன்," என்றாள் தையல்காரி. கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். திரும்பி வரும் வழி முழுக்க இரண்டு பேரும் மழையில் குடையைக்கூட விரிக்கவில்லை.

இப்போது அவள் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே துணி வெட்டுகிறாள். காலையில் எட்டுக்குப் போனால் ராத்திரி எட்டு. கால் வீங்கி வருகிறது. முன்னறையில் இரண்டு நாற்காலி போட்டிருக்கிறார்கள், யாரும் உட்காருவதில்லை. தம்பி பையைத் திறந்து எண்ணுவதை இப்போது வீட்டு வாசலிலும் செய்கிறான். அந்தத் துண்டு வயருக்கும் நுனியில் சீட்டு ஒட்டி ஆறு என்று எழுதி, மற்ற ஐந்தோடு வைத்திருக்கிறான்.

கண்டக்டர் மறுபடி அறைக்குள் போய்விடுவாரோ என்று பயந்தேன். கடிதம் வந்த பிறகு நாலைந்து நாள் வரவும் இல்லை. பெட்டி செத்துவிட்டது, இனி அடிக்காது என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தோம். கேட்டுக்கொண்டார், எழவில்லை. ஒரு நாள் தையல்காரியே எழுந்திருக்கிறாள், விடிவதற்கு முன்னால், வீங்கிய காலோடு. கதவைத் திறந்துவைத்து, சுடுதண்ணீரைப் படியில் வைத்துவிட்டு, அவரிடம் ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டாளாம். ஆறிப்போவதற்குள் அவர் வந்துவிட்டார்.

இப்போது தினமும் வருகிறார். நான் என் படியில் பாத்திரத்தோடு உட்கார்ந்திருப்பேன். முதலில் தாழ்ப்பாள் விலகும். பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து, அந்தச் செத்த பெட்டியைப் பார்த்து, கொஞ்சம் கூச்சத்தோடு அவர் குரல் வரும்.

"நான்தான்."

உள்ளறையிலிருந்து, தூக்கம் கலையாமல், மருமகள் சொல்வாள்.

"ரைட், மாமா."

அதற்கப்புறம்தான் கதவு திறக்கும்.